புதன்கிழமைக் கோளாறுகள்

அந்தப் பள்ளி நூலகத்துக்கு ஒரு வலைப்பூ தொடங்கலாம் என்று முடிவானபோது, தன் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மறக்காமல் வைத்திருந்த ஒரே ஆள் அவள்தான். மற்ற இரண்டு பேருக்கும் மின்னஞ்சல் இல்லாமல் இல்லை. ஒன்றுக்கு மூன்றாகவே இருந்தது, எதற்குள்ளும் நுழையத்தான் முடியவில்லை. ஆகவே வலைப்பூ அவள் கணக்கில், அவள் பெயரில் பதிவானது. நூலக மிஸ் அன்றைக்கே அவளுக்குப் "பூட்டு" என்று பெயர் வைத்துவிட்டார். படம் எடுக்கிறவள் "ஃபிளாஷ்". எழுதியதையெல்லாம் வெட்டித் தள்ளுகிற பையன் "கத்திரி". வீட்டில் வைத்த பெயர்கள் வருகைப் பதிவேட்டில் தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

புதன்கிழமை கடைசிப் பாடவேளை வலைப்பூவுக்கு. நூலக அறையின் மூலையில் கணினி. அதன் முன்னால் இரண்டே நாற்காலி, ஆட்களோ மூன்று பேர். யாராவது ஒருவர் மேசை விளிம்பில் தொற்றிக்கொண்டுதான் உட்கார வேண்டும். மிஸ் அந்தப் பக்கமே வரமாட்டார். "உங்க கடை, நீங்க நடத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கிழிந்த அட்டைகளை ஒட்ட உட்கார்ந்துவிடுவார். தலைமையாசிரியர் ஒருமுறை, பிள்ளைகள் கையில் இதை முழுசாகக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, "கொடுத்துட்டேனே சார்" என்று பதில் சொன்னவர் அவர்.

புது வரவுகள், மாணவர் விமர்சனங்கள் என்று எல்லா நூலகமும் போடுவதை அவர்களும் போட்டார்கள். ஆனால் பள்ளியே விழுந்து விழுந்து படித்தது "காணவில்லை" பகுதியைத்தான். எடுத்துப்போய்த் திருப்பித் தராத புத்தகங்களைப் பற்றிய அறிவிப்பு அது. 'நீல அட்டை. முதுகில் லேசான கிழிசல். கடைசியாக எட்டாம் வகுப்பு பி பிரிவில், ஜன்னலோர மேசைக்குள் காணப்பட்டது. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் எண்ணெய்க் கறை. கண்டுபிடித்துத் தருவோருக்கு நூலக மிஸ் ஒரு முறை சிரித்துக் காட்டுவார்.' இதையெல்லாம் எழுதியது பூட்டுதான். நேரில் வாயைத் திறந்தால் நான்கு வார்த்தைக்கு மேல் வராது. எழுத உட்கார்ந்தால் மட்டும் குறும்பு எங்கிருந்துதான் வருமோ.

பிறகு அப்பாவுக்கு இடமாற்றம் வந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்கள் முளைக்கிற ஊருக்கெல்லாம் கம்பெனி அவரை அனுப்பும். இந்தத் தடவை அனுப்பிய ஊர் ஒரு இரவும் பாதிப் பகலும் ரயிலில் போகும் தூரம். அம்மா ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். எந்த ஊரிலும் ரத்தம் எடுக்க ஆள் வேண்டும், ஆகவே அவளுக்கும் பத்தே நாளில் வேலை கிடைத்துவிட்டது. பூட்டுக்குத்தான் எதுவும் கிடைக்கவில்லை.

புதுப் பள்ளியில் அவளைப் "புதுசு" என்றார்கள். நான்கு மாதம் ஆகியும் புதுசுதான். யாரும் அவளை அடிக்கவில்லை, கிண்டல் செய்யவில்லை, சாப்பாட்டைப் பிடுங்கவில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் வீட்டில் சொல்லவாவது ஒரு சங்கதி இருந்திருக்கும். மதிய இடைவேளையில் சும்மா நிற்பது தெரியக் கூடாதென்று மூன்று முறை தண்ணீர் குடிக்கப் போவாள். அந்தப் பள்ளியில் அவள் அளவுக்குத் தண்ணீர் குடித்த பிள்ளை வேறு யாரும் இருந்திருக்காது. இரண்டரைக்குப் பள்ளி விட்டதும் நான்காவது மாடி வீட்டைத் திறந்து உள்ளே போவாள். அம்மா வர ஆறரை ஆகும், அப்பா வர எட்டு. அதுவரை குளிர்பெட்டி ஒரு பக்கம் உறுமும், அவள் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பாள்.

வந்து இரண்டாவது வாரம், புதன்கிழமை மூன்று மணிக்குப் போன் அடித்தது. நூலக மிஸ்ஸின் எண்.

"பூட்டு! காப்பாத்துடி!" ஃபிளாஷின் குரல். "ஒரு படத்தை இழுத்தேன், அது பக்கம் பூரா பரவிடுச்சு. எழுத்தே காணோம்."

"நான் தொடாதன்னு சொன்னேன், கேட்டாளா?" என்று பின்னாலிருந்து கத்திரி.

"நீ சொல்லவே இல்ல!"

"இருங்க, ரெண்டு நிமிஷம்" என்றாள் பூட்டு. அம்மாவின் பழைய மடிக்கணினியைத் திறந்து, உரிமையாளர் பக்கத்துக்குள் போய், படத்தைப் பழைய இடத்தில் வைத்தாள். அந்தப் பக்கம் கைதட்டினார்கள். மிஸ்கூட வந்து, "எப்படிம்மா இருக்க, சாப்பிட்டியா?" என்று கேட்டார். சரி செய்ய இரண்டு நிமிடம்தான் ஆனது. பேச்சு நாற்பது நிமிடம் போனது. அன்று சாயந்திரம் அம்மா கதவைத் திறந்தபோது மகளுக்கு வாயெல்லாம் பல். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த வாரமும் ஏதோ ஒரு சந்தேகம் என்று கூப்பிட்டார்கள். அதற்கடுத்த இரண்டு வாரம் போன் அடிக்கவில்லை. மூன்று மணியிலிருந்து நான்கரை வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலைப்பூவைத் திறந்தால் புதுப் பதிவு வந்திருந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, எழுத்து இருக்க வேண்டிய அளவில் இருந்தது. "காணவில்லை" பகுதியை யாரோ எழுதியிருந்தார்கள். சுமாராகத்தான் இருந்தது. ஆனாலும் கீழே எட்டுப் பேர் சிரித்திருந்தார்கள். அவள் மடிக்கணினியை மூடி வைத்தாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா வழக்கம்போல் தன் தொழிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இந்த வீட்டு லிஃப்டைப் பராமரிப்பது வேறு கம்பெனி. அதில் ஏறும்போதெல்லாம் அவருக்கு மூக்கு வேர்க்கும்.

"ரெண்டாவது மாடில ஒரு முனகல் கேக்குது பாரு, அத எவனும் பாக்க மாட்டான். நின்னாத்தான் கூப்பிடுவான். நல்லா ஓடுற லிஃப்டுக்கு மெக்கானிக் ஒருத்தன் இருக்கான்னே யாருக்கும் தெரியாது. நடுவுல மாட்டிக்கிட்டான்னு வையி, 'அண்ணே, தெய்வமே'ன்னு கூப்பிடுவான்."

அம்மா சிரித்தாள். பூட்டு சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. நல்ல யோசனை இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

அடுத்த புதன்கிழமை இரண்டே முக்கால் மணிக்குக் உரிமையாளர் பக்கத்துக்குள் போய், கத்திரியின் பெயருக்கு நேராக இருந்த குறியை எடுத்துவிட்டாள். பதிவு வெளியிடும் அனுமதி அது. மூன்று ஐந்துக்குப் போன் வந்தது.

"பூட்டு, வெளியிடுற பட்டனே மறைஞ்சு போச்சு!"

"அப்படியா?" என்றாள், எதுவும் தெரியாதவள் போல. "இரு பாக்கறேன். இது கொஞ்சம் பெரிய பிரச்சினைதான் போல."

வெட்கங்கெட்ட வேலை என்று நமக்குத் தோன்றலாம். தோன்றினால் தோன்றட்டும், வாரம் முழுக்கப் பேச ஆளில்லாமல் தண்ணீர்க் குழாயோடு நட்பு வைத்திருந்தால் அப்புறம் தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும் ஒரு கோளாறு. ஒரு வாரம் தேதிகள் எல்லாம் ஒரு வருடம் பின்னால் போயின. ஒரு வாரம் புது வரவுப் பட்டியல் தலைகீழாக நின்றது. கண்டுபிடிக்க அவள் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வாள், சரி செய்ய இன்னொரு பத்து. அதற்குள் யார் வகுப்பு மாறினார்கள், கணக்கு சார் மீசையை எடுத்தாரா, எந்தப் புத்தகம் வந்திருக்கிறது, எல்லாம் காதில் விழும். "நீ மட்டும் இல்லன்னா எங்க கதை கந்தல்தான்" என்பான் கத்திரி. அந்த ஒரு வாக்கியம் அவளுக்கு அடுத்த செவ்வாய் வரை தாங்கும்.

மிஸ் ஒருமுறை கேட்டார். "பூட்டு, இதோட உரிமையப் பள்ளிக்கூடத்து மின்னஞ்சலுக்கு மாத்திக் குடுத்துடேன்மா. உனக்கும் தொல்லை விட்டுச்சு."

"தொல்லையெல்லாம் இல்ல மிஸ். நாளைக்குப் பண்ணிடறேன்."

அந்த நாளை வரவேயில்லை. ஒரு வாரம் அப்பாவின் போனுக்கு உறுதிப்படுத்தும் எண் வர வேண்டும் என்றாள், ஒரு வாரம் இணையம் சரியில்லை என்றாள். சாக்குப்போக்குச் சொல்வதில் இவ்வளவு திறமை தனக்கு இருக்கிறதென்று அவளே அப்போதுதான் தெரிந்துகொண்டாள். உரிமையைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவளை எதற்குக் கூப்பிடுவார்கள்? அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லாத வரைக்கும் கொடுப்பதாகவும் இல்லை.

இதற்கிடையில் குழுவில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி சேர்ந்திருந்தாள். பெயர் "பொடி". வகுப்பில் வாயே திறக்கமாட்டாளாம். மிஸ் அவளை ஒரு புத்தகத்தைப் பற்றிப் பதினோரு வரி எழுத வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் வலைப்பூவைப் பெரிய திரையில் காட்டுவார்கள், பொடி மேடையேறித் தன் பதினோரு வரியைத் தானே வாசிப்பாள் என்று ஏற்பாடு. ஃபிளாஷ் இதையெல்லாம் போனில் மூச்சு விடாமல் சொன்னாள்.

"அவ அம்மா ஓட்டல்ல பாத்திரம் கழுவுறாங்க, லீவே கிடைக்காதாம். இதுக்காக லீவு வாங்கி வராங்க. மூணு மணிக்குக் கூட்டம்."

பெரிய கூட்டம், பெரிய திரை, ஊர்ப்பட்ட ஜனம். அந்த நேரத்தில் ஒரு கோளாறு வந்து, அதைத் தூரத்திலிருந்தே பூட்டு சரி செய்தால்? மேடையில் அவள் பெயரைச் சொல்வார்கள். ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்கும். வியாழன் சாயந்திரம் இதை நினைத்து நினைத்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும் முன், வலைப்பூவை "உரிமையாளர் மட்டும் பார்க்கலாம்" என்று மாற்றினாள். இரண்டரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். மூன்றுக்குப் போன் வரும். மூன்று மணி இரண்டு நிமிடத்துக்குத் திறந்துவிடுவாள். போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனாள். புதுப் பள்ளியில் போன் கொண்டுபோக அனுமதி இல்லை.

இரண்டரைக்கு வந்து போனை எடுத்துப் பார்த்தபோது, தவறிய அழைப்புகள் பத்தொன்பது.

பத்தொன்பது! அவள் வாழ்க்கையில் இத்தனை பேர் இத்தனை முறை அவளைத் தேடியதே இல்லை. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகுதான் நேரத்தைப் பார்த்தாள். எல்லாம் காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் வந்தவை. கூட்டத்தைக் காலைக்கு மாற்றிவிட்டார்கள். வியாழக்கிழமை மாலையே முடிவாகியிருக்கிறது, அவளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய அவசியமும் இல்லையே.

ஓடிப்போய் வலைப்பூவைத் திறந்துவிட்டாள். மிஸ்ஸின் எண்ணுக்கு அடித்தாள். எடுத்தது ஃபிளாஷ். குரலில் வழக்கமான வேகம் இல்லை.

"திரையில 'இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு வந்துச்சு. அவ்ளோ பெரிய எழுத்துல. பொடி மைக்கப் புடிச்சிட்டு அதுக்கு முன்னாடி நின்னா. பேப்பர்ல எழுதி வச்சுக்கல, திரையப் பாத்துத்தான் படிக்கப் போறா. ரொம்ப நேரம் நின்னா. அப்புறம் கீழ எறங்கி அவங்க அம்மாகிட்டப் போயிட்டா."

"சர்வர்ல ஏதோ பிரச்சினை" என்றாள் பூட்டு. "இப்போ சரியாயிடுச்சு."

"சரி" என்றாள் ஃபிளாஷ். "மிஸ்ஸத் தலைமையாசிரியர் கூப்பிட்டிருக்கார். நான் வைக்கிறேன்."

அந்த "சரி"யைப் பூட்டு ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். அடுத்த புதன் மூன்று மணிக்குப் போன் வரவில்லை. இத்தனைக்கும் அன்று அவள் எதையும் தொடவில்லை. அதற்கடுத்த புதன் பொறுக்க முடியாமல் தேதிகளைக் குழப்பிவிட்டாள். வரவில்லை. அனுமதிகளை எடுத்தாள், எழுத்தை எறும்பு அளவுக்குச் சுருக்கினாள், தலைப்பையே அழித்தாள். யாருக்கும் எதுவும் தெரிந்ததாகக் காணோம். கீழே யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. கடைசிப் பதிவு பெற்றோர் கூட்டத்துக்கு முந்தைய நாளோடு நின்றிருந்தது.

மூன்றாவது வாரம் பள்ளியின் பெயரை அடித்துத் தேடினாள். வேறொரு முகவரி வந்தது. புது வலைப்பூ. மூன்று வாரமாக நடந்துகொண்டிருந்தது. முதல் பதிவாகப் பொடியின் பதினோரு வரி, கூடவே அவள் படம். ஓரத்தில் அவள் அம்மாவின் கை மட்டும் தெரிந்தது. "காணவில்லை" பகுதி இருந்தது. பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து இங்கே ஒட்டியிருந்தார்கள். பூட்டு எழுதிய முப்பத்தாறும் இருந்தன. கத்திரி ஒரு வார்த்தையைக்கூட வெட்டவில்லை. ஒவ்வொன்றின் கீழும் 'எழுதியவர்: பூட்டு, முன்னாள் மாணவி' என்று போட்டிருந்தது.

முன்னாள் என்பது உண்மைதான். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லைப் பார்த்து அவள் அழுதாள். குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது, கேட்க வேறு யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதாள். பழைய வலைப்பூ இப்போது முழுக்க முழுக்க அவளுடையது. எந்தப் பட்டனை வேண்டுமானாலும் அழுத்தலாம். ஆளில்லாத வீட்டுக்குச் சொந்தக்காரி.

சனிக்கிழமை சாயந்திரம் ஃபிளாஷின் அம்மா எண்ணுக்கு அடித்தாள். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். ஃபிளாஷ் "ஹலோ" என்றதும் தாள் கைக்குள் கசங்கிப்போனது.

"நான்தான்."

"தெரியுது, சொல்லு."

"அன்னைக்கு சர்வர் பிரச்சினை இல்ல. நான்தான் மூடி வச்சேன். அதுக்கு முன்னாடி பட்டன் போனது, தேதி மாறினது, எல்லாமே நான்தான்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"எதை மாத்தினாலும் கீழ யார் மாத்தினாங்கன்னு பேரு வருமே. எத்தனை மணிக்குன்னுகூட வரும். கத்திரி ரெண்டாவது தடவையே பாத்துட்டான்."

பூட்டுக்குக் காதெல்லாம் சுட்டது. "அப்புறம் ஏன் ஒவ்வொரு வாரமும் என்னக் கூப்பிட்டீங்க?"

"மிஸ்தான் சொன்னாங்க. 'அவளுக்குப் பேசணும் போல இருக்கு, சொல்லத் தெரியல, நீங்க கூப்பிட்டுப் பேசுங்க'ன்னு. எங்களுக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நீ கண்டுபிடிக்கிற மாதிரி நடிப்ப, நாங்க பதறுற மாதிரி நடிப்போம். கத்திரிதான் ரொம்ப ஓவரா நடிப்பான்."

'எங்க கதை கந்தல்தான்' என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. செவ்வாய் வரை தாங்கிய அத்தனை வாக்கியங்களும் வந்தன. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது. அவர்கள் நடித்தது அவளுக்காகத்தான் என்பதும் அதே நேரத்தில் புரிந்தது, அதுதான் இன்னும் வலித்தது.

"பொடி அழுதுட்டா" என்றாள் ஃபிளாஷ். "அவங்க அம்மா முன்னாடி. அதுக்கு மேல விளையாட்டா எடுத்துக்க முடியல. உரிமைய மறுபடி கேக்கலாம்னு கத்திரி சொன்னான். கேட்டா நீ நாளைக்குன்னுதான் சொல்லுவ. அதான் புதுசா ஆரம்பிச்சோம்."

"ம்."

"மிஸ்கிட்டயும் பொடிகிட்டயும் நீயே சொல்லிடு. நான் சொன்னா நல்லா இருக்காது."

"சொல்றேன். நாளைக்கு..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். "இன்னைக்கே எழுதி அனுப்பறேன்."

"சரி. வேற என்ன?"

இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வி அவளிடம் வந்ததே இல்லை. எப்போதும் கையில் ஒரு கோளாறு இருந்தது, பேச்சு அதைப் பிடித்துக்கொண்டே நடந்துவிடும். இப்போது கையில் எதுவும் இல்லை. போனை வைத்துவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

"சும்மா கூப்பிடலாமா?" என்று கேட்டாள். "எதுவும் கெட்டுப் போகாதப்பகூட?"

ஃபிளாஷ் பொய் சொல்லத் தெரியாத பெண், நடிப்பில் அவ்வளவு அனுபவம் கிடைத்த பிறகும்.

"கூப்பிடு" என்றாள். "எப்பவும் எடுப்பேன்னு சொல்ல முடியாது. டியூஷன் இருக்கு, அம்மாவும் போன் குடுக்கணும். எடுக்க முடிஞ்சா எடுப்பேன்."

அன்று ராத்திரிக்குள் மிஸ்ஸுக்கும் பொடிக்கும் எழுதி அனுப்பினாள். பொடிக்கு எழுதியது நான்கே வரி. இந்தத் தடவை எழுத்திலும் குறும்பு வரவில்லை. பழைய வலைப்பூவின் உரிமையைப் பள்ளி மின்னஞ்சலுக்கு மாற்றினாள். எந்த எண்ணும் வரத் தேவைப்படவில்லை, எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்தான் ஆனது.

ஞாயிறு ஐந்து மணிக்கு ஃபிளாஷைக் கூப்பிட்டாள். முழுசாக அடித்து ஓய்ந்தது. டியூஷனாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அவள் அம்மா போன் கொடுத்திருக்கமாட்டார்கள் என்றும் சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை டியூஷன் உண்டா என்பதை மட்டும் யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள். அது அவ்வளவு சுலபமாக இல்லை. திங்கட்கிழமையும் கூப்பிட்டாள்.